யார் கொடுத்த கூலி?

வியாபாரி விளம்பரம் செய்வதை யாரும் குறை சொல்ல முடியாது. விளம்பரம் என்பதையே மறைத்து விளம்பரம் செய்கிறார்களே, அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்தது இது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் போன்ற இடங்களில் சுற்றுலா வந்தவர்களைப் போல் சிலர் நின்றுகொண்டு, வழியில் போவோரிடம் "எங்களை ஒரு படம் எடுத்துத் தருவீர்களா?" என்று கைப்பேசியை நீட்டினார்கள். படம் பிடிக்கும் கைப்பேசி அன்று புதுமை. வாங்கிப் பார்த்தவர்கள் வியந்தார்கள், விவரம் கேட்டார்கள். நீட்டியவர்களோ சோனி எரிக்சன் கம்பெனி கூலிக்கு அமர்த்திய நடிகர்கள். 10 நகரங்களில் 60 பேர்.

சரக்கு நல்லதுதானே, இதில் என்ன மோசடி என்று கேட்கலாம். கடைக்காரர் தம் சரக்கைப் புகழ்ந்தால் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்கிறோம். வழிப்போக்கர் புகழ்ந்தால் அப்படியே நம்புகிறோம். அந்தப் பாதியைத் தள்ளவிடாமல் செய்வதற்குத்தான் இந்த வேஷம்.

வெளிமாநிலத்தில் பிழைக்கும் நம்மவர்களிடம் இது இன்னும் எளிதாகப் பலிக்கிறது. பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து அறைக்கு வந்து கைப்பேசியைத் திறந்தால், நம் ஊர்ப் பேச்சில் ஒருவர், "அண்ணே, இந்தப் பொடியைச் சாப்பிட்டேன், சர்க்கரை இறங்கிவிட்டது" என்கிறார். இன்னொருவர் ஊரில் மனை வாங்கத் தவணைக் கணக்குச் சொல்கிறார். நாள் முழுதும் பிறமொழியில் வேலை பார்த்துவிட்டு வந்தவருக்கு அது உறவுக்காரர் குரலாகவே படுகிறது. இவருக்குப் பணம் கொடுத்தது யார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. பொடியை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தியவருக்குப் பணம் மட்டுமா போகிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. ஒரு சரக்கைப் புகழ்பவர் கம்பெனியோடு தமக்குள்ள தொடர்பைச் சொல்லியாக வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் விதித்தது. மதுக் கம்பெனிகள் சோடா பெயரில் செய்யும் விளம்பரத்துக்கும் அதே விதிகளில் தடை உண்டு. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.

நடைமுறையில் என்ன காண்கிறோம்? பேச்செல்லாம் தமிழில், காசு வாங்கிய விவரம் மட்டும் மூலையில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்! விளம்பரம் எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே அறிவிப்பும் இருக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசே நெறி வகுத்தது. ஆணையம் அதைக் கண்டிப்புடன் அமல் நடத்த வேண்டும். பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. செய்தி போல அச்சாகும் விளம்பரத்தின் தலையில் "விளம்பரம்" என்ற சொல் பூதக்கண்ணாடி இல்லாமல் தெரிய வேண்டும்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை. புகாரைத் தமிழிலேயே சொல்லலாம்.