வரக் கதைகளுக்கு ஒற்றை விடை: மொழியாசிரியர் மன்றத்தின் நிலைப்பாடு

வரும் அரையாண்டுத் தேர்விலிருந்து, வரமும் ஆசையும் பற்றிய கதைகளில் உணர்வுச்சூழலையும் முடிவையும் ஆராயச் சொல்லும் ஐந்து மதிப்பெண் வினா நீக்கப்படுகிறது. அதற்குப் பதில் 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' என்ற ஒரு மதிப்பெண் வினா வருகிறது. இது நமது பள்ளிகளின் பொது வினாத்தாள் குழு எடுத்த முடிவு. இம்முடிவை மன்றம் ஏற்கவில்லை.

திருத்தும் சுமை குறையும் என்ற குழுவின் வாதத்தை நாங்கள் முற்றாக மறுக்கவில்லை. அந்தச் சுமையைச் சுமப்பவர்கள் நாங்கள்தான்.

ஆனால் குழு அனுப்பிய மாதிரி விடைக்குறிப்பைப் பாருங்கள். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்' கதைக்கு அதில் உள்ள விடை: 'பேராசை பெருநஷ்டம்'. அந்த விடையை எழுதியவர் கதையைப் படித்தாரா?

கதையில் வரும் கிழவர் ஒயிட் பேராசைக்காரர் அல்லர். வரம் தரும் அந்தப் பாதம் கைக்கு வந்த பிறகும் என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. வேண்டியதெல்லாம் இருக்கிறதே என்கிறார். வீட்டுக் கடன் தீர இருநூறு பவுண்டு கேளுங்கள் என்று எடுத்துக்கொடுப்பவன் மகன் ஹெர்பர்ட், அதுவும் விளையாட்டாக. மறுநாள் அவன் ஆலை இயந்திரத்தில் சிக்கி இறக்கிறான்; நிறுவனம் தரும் இழப்பீடு அதே இருநூறு பவுண்டு. மகன் உயிரோடு திரும்ப வேண்டும் என்ற இரண்டாவது வரத்தைக் கேட்க வைப்பது பெற்றவளின் துக்கம். இதில் பேராசை எங்கே இருக்கிறது?

கிழவர் கேட்கும் மூன்றாவது வரம் இன்னதென்று ஜேக்கப்ஸ் எழுதவே இல்லை. கதவு தட்டும் ஓசை சட்டென்று நிற்கிறது. தாய் கதவைத் திறந்து ஓலமிடுகிறாள். வெளியே ஆளரவமற்ற சாலை. கிழவருக்கு இது விடுதலை, கிழவிக்கோ மகனை மறுபடியும் பறிகொடுப்பது. வந்தது மகன்தானா, கிழவர் செய்தது சரியா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். அந்த வாதம்தான் பாடம். உணர்வுச்சூழலும் அப்படித்தான்: கதையின் தொடக்கத்தில் வெளியே மழையும் குளிரும், உள்ளே கணப்பும் சதுரங்கமும் சிரிப்பும். அந்த இதம் எந்த வரியில் கலையத் தொடங்குகிறது என்று ஒரு மாணவி விரல் வைத்துக் காட்டினால், அவளுக்குக் கதை படிக்க வந்துவிட்டது என்று பொருள். இதை ஒரு மதிப்பெண்ணில் எங்கே எழுதுவாள்?

கிரிம் சகோதரர்கள் 1812இல் தொகுத்த மீனவனும் மனைவியும் கதையில் பேராசை உண்டு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மனைவியின் ஆசை ஏற ஏறக் கடலும் கறுத்துக் கொந்தளித்துக்கொண்டே வருவதை ஆறாம் வகுப்புக் குழந்தையே கண்டுபிடித்துவிடும். அங்கே சாவும் இல்லை, பழைய குடிசைக்குத் திரும்புவதோடு கதை முடிகிறது. இரண்டு கதைகளுக்கும் ஒரே விடையாம்! கம்பனில் வரம் கேட்டவள் கைகேயி, உயிர்விட்டவன் கொடுத்த தசரதன். சாவித்திரி கேட்ட வரங்களோ எமனையே மடக்கின. இவற்றையும் அந்தப் பழமொழிக்குள்தான் திணிக்கப் போகிறார்களா?

உணர்வுச்சூழல் ஆளுக்கு ஆள் மாறும், சீராகத் திருத்த முடியாது என்ற வாதத்துக்கு வழி இருக்கிறது. சான்றாகக் கதை வரிகளைக் காட்டினால் இரண்டு மதிப்பெண், சூழல் மாறும் இடத்தை விளக்கினால் இரண்டு, முடிவில் யாருக்கு என்ன ஆயிற்று என்று சொன்னால் ஒன்று. மாணவரின் கருத்து நம் கருத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை.

ஒரு வரி விடை மனப்பாட விடைகளை விற்கும் கைடுகளுக்குத்தான் வசதி. ஐந்தாம் வகுப்பு வரை நீதி வினா இருக்கலாமா என்பதில் மன்றத்துக்குள் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. ஆகவே இப்போதைக்கு அதை எதிர்க்கவில்லை.

ஆறாம் வகுப்புக்கு மேல் பழைய வினா திரும்ப வர வேண்டும். மாதிரி விடைக்குறிப்பை உடனே திரும்பப் பெற வேண்டும். பெறாவிட்டால், 'பேராசை பெருநஷ்டம்' என்று எழுதாத மாணவருக்கும், கதையிலிருந்து காரணம் காட்டியிருந்தால், உறுப்பினர்கள் முழு மதிப்பெண் வழங்கலாம் என்று செயற்குழு கருதுகிறது.