கிடைக்கு ஒரு தூக்குக் கூடாரம்

கேள்வி: செம்மறிக் கிடையோடு காடு மாறி மாறித் தங்குகிறோம். மழை, காற்று என்றால் நாங்களும் குட்டிகளும் ஒதுங்க இடமில்லை. இருவரே தூக்கிப் போகிற மாதிரி கூடாரம் அமைக்க முடியுமா?
– வாசகர், அச்சங்குளம், விருதுநகர் மாவட்டம்.

பதில்: முடியும். குட்டிகளை அடைக்கும் ஓலைக் குடாப்பைப் பாருங்கள். எடை குறைவு, குழி தோண்டும் வேலை இல்லை, தூக்கி வைத்த இடமே வீடு. அதே யோசனைதான் இதற்கும்.

12 அடிக்கு 18 அடி தார்ப்பாய் ஒன்று, 8 அடி மூங்கில் நான்கு, முகட்டுக்கு 13 அடி மூங்கில் ஒன்று போதும். மூங்கில்களை இரண்டிரண்டாக, நுனியிலிருந்து அரை அடி விட்டு, கத்தரிக்கோல் போலக் கட்டுங்கள். இந்த இரண்டு ஜோடிக் கால்களின் மேல் முகட்டு மூங்கிலை வைத்து, தார்ப்பாயை இருபுறமும் தொங்க விடுங்கள். கால்களை 9 அடிக்கு அகட்டினால் உயரம் 6 அடி. வெயில் நாளில் நிமிர்ந்து நடக்கலாம். காற்று எழும்பினால் 12 அடிக்கு அகட்டுங்கள். உயரம் நாலரை அடியாகக் குறைந்து, காற்று பிடிக்கும் பரப்பும் குறையும். கால்கள் மேலும் வழுக்காதபடி இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டாயம் வேண்டும்.

ஆப்பை மட்டும் நம்ப வேண்டாம். கரிசல் ஊறினால் ஆப்பு கையோடு வந்துவிடும். இரு பக்கமும் தரையில் மிஞ்சும் ஒன்றரை அடித் தார்ப்பாயின் மேல் மண் நிரப்பிய சாக்குகளை அடுக்குங்கள். 1995-ல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்துக்குப் பின் ஷிகெரு பான் என்ற கட்டடக் கலைஞர் அமைத்த காகிதக் குழாய் வீடுகளுக்கும், மணல் மூட்டை நிரப்பிய பீர் பெட்டிகள்தான் அடித்தளம். தார்ப்பாயின் வளையத்தில் நேராகக் கயிறு கட்டினால் கிழியும்; ஓரத்தில் கூழாங்கல்லைச் சுருட்டி, அதன் கழுத்தில் முடி போடுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் வாசல் தென்மேற்கு பார்க்கட்டும். உள்ளே அடுப்பு வேண்டாம்.

இடம் பார்ப்பதுதான் பெரிய வேலை. ஓடை, கண்மாய் உள்வாய், கரைக்குக் கீழே என எங்கும் போடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வெள்ளம் வந்தபோது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. அப்படிப்பட்ட மழையில் கூடாரத்தைப் பிரிக்க நேரமிருக்காது. மேடு எது, எந்த வழியாகப் போவது என்பதைப் பகலிலேயே நடந்து பாருங்கள். தண்ணீர் ஏறினால் முதலில் ஆடுகளை அவிழ்த்து விடுங்கள். தார்ப்பாய் போனால் போகட்டும்.

இடிக்கு இந்தக் கூடாரம் காவல் இல்லை. திறந்த காட்டில் அது இன்னும் ஆபத்து. முதல் இடிச் சத்தத்திலேயே காங்கிரீட் வீட்டுக்கோ, மூடிய வேனுக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடி வேண்டாம். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள்.

உங்கள் ஊரில் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆலைகளுக்கு அருகே கிடை போட வேண்டாம். உரிமம் பெற்ற அறைகளுக்கு வெளியே, மரத்தடியிலும் தார்ப்பாய் நிழலிலும் பட்டாசு வேலை செய்வது விதிமீறல். அதற்காக யாராவது உங்கள் கூடாரத்தை இரவல் கேட்டால், கொடுக்காதீர்கள்; சொந்தக்காரராக இருந்தாலும் சரி.