கம்ப்யூட்டருக்கும் தூக்கம் வேண்டாமா?

காலை 10 மணி. கவுண்ட்டர் முன்னே நீண்ட கியூ. உள்ளே குமாஸ்தா பட்டனைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார். "இருங்க சார், சிஸ்டம் இன்னும் வரலை!" 5 நிமிஷம் ஓடுகிறது. ஜனங்கள் முணுமுணுக்கிறார்கள்.

இந்தத் திட்டுக்குப் பயந்தே பலர் மாலையில் மெஷினை நிறுத்துவதில்லை. மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். சும்மா இருக்கும்போது 60 வாட் இழுக்கும் மெஷின் என்றால், மாலை 6 முதல் காலை 10 வரை ஏறத்தாழ 1 யூனிட் காலி. 100 மெஷின் இருந்தால் ஒரே ராத்திரியில் 100 யூனிட்! யார் வீட்டுப் பணம்?

கரண்ட் போனால் போகட்டும். பாஸ்வேர்டு போட்டபடியே விட்டுப் போனால்? எவனாவது உட்கார்ந்து, அந்தக் குமாஸ்தா பேரிலேயே பதிவை மாற்றலாம். விசாரணை வந்தால் மாட்டிக்கொள்வது அவர்தானே!

ஊழியரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம், உள்ளே சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. மாட்டினால் நிமிஷக் கணக்கு விநாடிக் கணக்காகும்.

அதுவரை? வேலையை 'சேவ்' செய்து 'ஸ்லீப்' போடுங்கள். சில வாட்தான் செலவு, தட்டியதும் எழுந்துவிடும். நடுவில் டீ குடிக்கப் போனால் விண்டோஸ் பட்டனோடு 'எல்' தட்டிப் பூட்டுங்கள். வாரம் ஒரு தரமாவது ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்போதுதான் பல அப்டேட்டுகள் முழுசாக ஏறும். 2017 மே மாதம் உலகை ஆட்டிய 'வான்னாக்ரை' வைரஸ் புகுந்தது, அப்டேட் ஏறாத மெஷின்களில்தான்.

அதிகாரிகளே, முதலில் அந்தப் பழைய டிஸ்க்கை மாற்றுங்கள். கியூவில் நிற்பவன் வாழ்த்துவான்!