ஒரு தீசிஸ், ரெண்டு சம்பந்தி

மும்பைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த புதிதில் செம்பூர், மாட்டுங்கா பக்கம் நம்ம ஆட்களைப் பார்த்தால் பேச்சு எல்லாம் "பையனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சுதா?" என்பதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் போனால் அமெரிக்காவில் எம்.எஸ். யாராவது பிஎச்.டி. என்று சொன்னால், "ஏன், வேலை எதுவும் அமையலையா?" என்று பரிதாபமாகப் பார்ப்பார்கள். இப்போது காலம் மாறிவிட்டது. போன ஒரு வருஷத்தில் மட்டும் மூன்று குடும்பங்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டன. "ரெண்டு யூனிவர்சிட்டி சேர்ந்து ஒரு டாக்டர் பட்டம் கொடுக்கறாங்களாமே, இது நிஜமா, டூப்பா? பொண்ணைச் சேர்க்கலாமா?"

நான் பேராசிரியர் இல்லை. ஒரு கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் குப்பை கொட்டுகிறேன். பிஎச்.டி. முடித்தவர்களை இன்டர்வியூ எடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சுருக்கமான பதில்: நிஜம்தான். நல்ல விஷயமும் கூட. ஆனால் இரண்டு முத்திரைகளைப் பார்த்து மயங்கிச் சேரக்கூடாது. முத்திரைகளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மனிதர்களைப் பார்த்துச் சேர வேண்டும்.

முதலில், இது என்ன என்று பார்த்துவிடலாம். சாதாரண பிஎச்.டி.க்கு ஒரு பல்கலைக்கழகம், ஒரு கைடு. கூட்டு பிஎச்.டி. என்றால் இரண்டு நாடுகளில் இரண்டு பல்கலைக்கழகங்கள், ஆளுக்கொரு கைடு, நடுவில் ஒரு மாணவர், ஒரே ஒரு தீசிஸ். முடிவில் இரண்டு பெயரும் போட்ட ஒரே சான்றிதழ் தருவது ஒரு முறை. இரண்டு பல்கலைக்கழகங்களும் தனித்தனியாகச் சான்றிதழ் தருவது இன்னொரு முறை. எப்படித் தந்தாலும் ஆராய்ச்சி ஒன்றுதான். "எங்க பையன் டபுள் டாக்டர்" என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ள முடியாது :-)

பிரெஞ்சுக்காரர்கள் இதை 'கோ-துதெல்' என்பார்கள். இரட்டைக் காப்பாளர் முறை என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே 1994-லேயே அரசாணை போட்டார்கள், 2005-ல் அதைத் திருத்தி எழுதினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் தன் மேரி கியூரி திட்டத்தில் கூட்டு முனைவர் பட்டங்களுக்குப் பணம் தருகிறது. அதில் சேரும் மாணவர்களைப் பெரும்பாலும் ஊழியர்களாகவே நியமித்து சம்பளம் கொடுக்கிறார்கள். எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம்.

நம் நாட்டில் பலருக்கும் தெரிந்த உதாரணம் இங்கே பவாயில் இருக்கிறது. ஐஐடி பாம்பேயும் மெல்போர்னில் இருக்கும் மோனாஷ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2008-ல் ஒரு ஆராய்ச்சி அகாடமியைத் தொடங்கின. மாணவர் பெரும்பாலான காலம் மும்பையில் இருப்பார், சில மாதங்கள் ஆஸ்திரேலியா போய் வருவார். பட்டத்தில் இருவர் பெயரும் இருக்கும். 2018-ல் ஐஐடி டெல்லி குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தோடு இதே மாதிரி கை கோத்தது. சென்னை, ஹைதராபாத் ஐஐடிகளுக்கும் கூட்டு பிஎச்.டி. ஏற்பாடுகள் உண்டு.

மற்ற பல்கலைக்கழகங்களுக்கு வழி திறந்தது 2022 மே மாதம். அப்போதுதான் யுஜிசி கூட்டுப் பட்டங்களுக்கான புது விதிகளைக் கொண்டுவந்தது. நாக் மதிப்பெண் குறைந்தது 3.01, அல்லது என்ஐஆர்எஃப் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100-க்குள் இடம், அல்லது சிறப்பு அந்தஸ்து பெற்ற நிறுவனம். இதில் ஏதாவது ஒன்று இருந்தால், உலகத் தரவரிசையில் முதல் 1000-க்குள் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு வைத்துக்கொள்ளலாம், தனி அனுமதி வேண்டாம். பிஎச்.டி.க்கு என்று அதில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் கைடு வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது ஒரு செமஸ்டராவது இருக்க வேண்டும். இரண்டு இடத்து விதிகளுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே தீசிஸ் கொடுக்க வேண்டும். ஆன்லைனில் நடத்தக்கூடாது. ஆகவே "வீட்டிலிருந்தே வெளிநாட்டு கூட்டு டாக்டர் பட்டம்" என்று யாராவது விளம்பரம் செய்தால், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, இது ஏன் நல்லது என்கிறேன்?

நான் இன்டர்வியூ எடுத்ததில், கூட்டு பிஎச்.டி. ஒழுங்காகச் செய்தவர்களிடம் ஒரு வித்தியாசம் தெரிகிறது. ஒரே கைடிடம் ஐந்து வருஷம் இருந்தவர், அந்தக் கைடு சொல்வதுதான் உலகம் என்று நினைத்துவிடுகிற ஆபத்து உண்டு. இரண்டு பேரிடம் வேலை செய்தவருக்கு, ஒரே கேள்வியை இரண்டு விதமாக அணுகலாம் என்பது பட்டுத் தெரிந்திருக்கும். "உங்க ரெண்டு கைடும் எதுல முரண்பட்டாங்க, நீங்க என்ன செஞ்சீங்க?" என்று நான் எப்போதும் கேட்பேன். அதற்கு வருகிற பதில் சான்றிதழை விட அதிகமாகப் பேசும்.

இன்னொன்று. முன்பெல்லாம் வெளியே போய் பிஎச்.டி. செய்தால் ஐந்தாறு வருஷம் அங்கேயே. வேர் பிடித்துவிடும், திரும்புவது கஷ்டம். இதில் ஒரு கால் இங்கேயே இருக்கிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ராத்திரி ரயிலைப் பிடித்து ஊருக்குப் போய்விடலாம். ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது கசப்பான பக்கம்.

இரண்டு கைடுகள் என்பது இரண்டு சம்பந்திகள் மாதிரி. நிச்சயதார்த்தத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் போட்டோவுக்கு நிற்பார்கள். பிரச்சினை வருவது குடித்தனம் ஆரம்பித்த பிறகு. துணைவேந்தர்கள் கையெழுத்துப் போட்டு பைல் மாற்றிக்கொள்ளும் போட்டோ பேப்பரில் வரும். அந்தக் கையெழுத்துக்கும் லேபில் தினமும் நடப்பதற்கும் பல சமயம் சம்பந்தமே இருக்காது. உலகத் தரவரிசைகளில் வெளிநாட்டுக் கூட்டு ஆய்வுக்கு மதிப்பெண் உண்டு. அதனால் ஒப்பந்தம் போடுவதில் இரண்டு பக்கமும் ஆர்வம் இருக்கும். ஒப்பந்தத்துக்குள் மாட்டும் மாணவருக்கு என்ன ஆகிறது என்பதற்கு எந்தத் தரவரிசையிலும் மதிப்பெண் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். ஊர், கல்லூரி எதுவும் வேண்டாம். மூன்றாம் வருஷம் அவளுடைய வெளிநாட்டுக் கைடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டார். ஒப்பந்தம் பல்கலைக்கழகத்தோடு, ஆனால் அவள் ஆராய்ச்சி அந்த மனிதரோடு. புதிதாக வந்தவருக்கு அவளுடைய தலைப்பில் அக்கறையே இல்லை. இங்கே இருக்கும் கைடு "பேப்பர் எத்தனை?" என்று கேட்பார். அங்கே இருப்பவர் "பேப்பர் கிடக்கட்டும், முழு வாதம் எங்கே?" என்பார். ஒரே அத்தியாயத்தை இரண்டு தடவை மாற்றி மாற்றி எழுதினாள். நடுவில் விசா தாமதமாகி ஒரு செமஸ்டர் போனது. ஊரில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, "இன்னுமா படிக்கிறே?" ஏழு வருஷத்தில் முடித்துவிட்டாள், கெட்டிக்காரி. ஆனால் அந்த ஏழில் இரண்டு வருஷம் அவள் ஆராய்ச்சிக்காகப் போகவில்லை. இரண்டு அலுவலகங்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளாததற்காகப் போனது.

இது தனிப்பட்டவர்களின் குணக்கோளாறு மட்டும் இல்லை. பட்டம் கொடுக்கும் வழக்கமே நாட்டுக்கு நாடு வேறு. நம் ஊரில் வெளித்தேர்வாளர் அறிக்கை வந்தபின் எல்லார் முன்னிலையிலும் வைவா. ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் வைவாவே கிடையாது, தேர்வாளர்களின் எழுத்து அறிக்கையோடு முடிந்துவிடும். இப்போதுதான் பல இடங்களில் வாய்மொழித் தேர்வைச் சேர்த்து வருகிறார்கள். நெதர்லாந்தில் அது ஒரு சடங்கு. நேரம் முடிந்ததும் ஒரு அலுவலர் கோலோடு உள்ளே வந்து லத்தீனில் "நேரமாகிவிட்டது" என்று அறிவிப்பார், கேள்வி அத்தோடு நின்றுவிடும். ஜெர்மனியில் தீசிஸை வெளியிட்ட பிறகுதான் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ள முடியும். இந்த வழக்கங்களில் எது செல்லும் என்பதை முதல் நாளே எழுதி வைக்காவிட்டால், கடைசி வருஷத்தில் மாணவர் தலையில்தான் விடியும்.

பணம் இன்னொரு தலைவலி. 2023 ஜனவரியில் இருந்து நம் ஊர் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். 42,000. பவாயிலேயே இதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது. மெல்போர்னில் வாடகைக்கே பத்தாது. அங்கே இருக்கும் மாதங்களுக்கு யார் தருகிறார்கள், விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு யார் கணக்கு என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். "பார்த்துக்கலாம்" என்று சொன்னால் அப்பாவின் பி.எஃப். பணம் கரையப் போகிறது என்று அர்த்தம்.

ஆகவே என்னிடம் கேட்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான். சேருவதற்கு முன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். இந்த இரண்டு கைடுகளும் முன்பே சேர்ந்து ஏதாவது ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்களா? ஒருவர் வேலை மாறினால் என்ன ஏற்பாடு? தீசிஸ் எந்த நாட்டு முறைப்படி மதிப்பிடப்படும்? வெளிநாட்டு மாதங்களுக்குப் பணம் யார் தருவார்கள்? கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வந்தால் யாருக்குச் சொந்தம்? கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. ஆராய்ச்சிக்கு ஒரு கம்பெனி பணம் போட்டிருந்தால், அவர்கள் சரி என்று சொல்லும் வரை ஆய்வுக்கட்டுரையே வெளியிட முடியாத நிலை வரலாம். கம்பெனிப் பக்கம் இருந்து சொல்கிறேன், நம்புங்கள்.

இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் வந்தால் தைரியமாகச் சேர்க்கலாம். முடிந்தால் அதே திட்டத்தில் மூன்றாம், நான்காம் வருஷம் படிக்கும் ஒருவரிடம் ஒரு டீ சாப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். கையேட்டில் இல்லாத எல்லாம் அந்த டீயில் வந்துவிடும்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு ஒன்று.

இந்த வசதி யாருக்குப் போய்ச் சேருகிறது? ஐஐடிக்குள் வந்துவிட்டவருக்கு ஏற்கனவே கதவு திறந்துதான் இருக்கிறது. நல்ல லேப், நல்ல கைடு, வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகப் பணம். இரண்டாவது கைடு உண்மையாகவே தேவைப்படுவது ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில், ஓட்டை உடைசல் கருவியை வைத்துக்கொண்டு, பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக பிஎச்.டி. செய்கிறாரே, அவருக்குத்தான். அவருடைய பல்கலைக்கழகத்துக்கு 3.01 இருக்காது. இருந்தாலும் ஒரு செமஸ்டர் வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போக அவரால் முடியாது.

அதனால் நான் கேட்பது, இரண்டாவது முத்திரை ஏன் வெளிநாட்டு முத்திரையாகத்தான் இருக்க வேண்டும்? ஒரு ஐஐடியும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பட்டம் தரட்டுமே. கிண்டியில் இருக்கும் லேபில் ஆறு மாதம் வேலை செய்ய திருநெல்வேலிக்காரருக்கு விசா வேண்டாம், ஒரு நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட் போதும். மோனாஷோடு பேசி இத்தனை விதிகளை ஒத்துப்போக வைக்க முடிந்த நமக்கு, பக்கத்து ஊரோடு பேச முடியாதா?

வெளிநாட்டுக் கூட்டு இயல்பாகப் பொருந்துகிற துறைகளும் இருக்கின்றன. தமிழ் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓலைச்சுவடிகள் நம் ஊரில் இருக்கின்றன, பாரிஸ் தேசிய நூலகத்திலும் இருக்கின்றன. 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் இன்றும் புதுச்சேரியில் இயங்குகிறது. சுவடியை இங்கே படிக்கத் தெரிந்த ஒருவரும், சுவடிகளைப் பட்டியலிட்டுப் பதிப்பிக்கும் முறை தெரிந்த அங்குள்ள ஒருவரும் சேர்ந்து ஒரு மாணவரை வழிநடத்தினால், அது ஒப்பந்தத்துக்காக நடக்கும் கூட்டு இல்லை, வேலைக்காக நடக்கும் கூட்டு. எந்தத் துறையாக இருந்தாலும் இதுதான் என் அளவுகோல். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருக்க வேண்டும். இருவரும் தருவது ஒன்றேதான் என்றால், மாணவருக்கு மிஞ்சுவது இரண்டு மடங்கு பாரம் போடும் வேலைதான், ஃபாரம் நிரப்பும் வேலை :-)

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படிக்கிறார்களா? படித்து முடித்துவிட்டார்களா? எது நன்றாக அமைந்தது, எது சொதப்பியது என்று சொல்லுங்கள். அடுத்து என்னிடம் கேட்கப் போகிற நான்காவது குடும்பத்துக்குப் பிரயோஜனமாக இருக்கும்.