நரம்பைக் காண எந்தப் படம் போதும்?

ஓவர்லாக் தைப்பவரின் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் இரவில் மரத்துப்போனால், மணிக்கட்டில் நடுநரம்பு நெரிபடுவதாக ஐயுறலாம். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். உடனே எம்.ஆர்.ஐ. எடுத்துச் சனிக்கிழமைக் கூலியைத் தொலைக்க வேண்டுமா, நண்பர்களே? கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் அல்ட்ராசவுண்டு கருவியே, உயர் அதிர்வெண் முனை பொருத்தினால், வீங்கிய நரம்பைக் குறைந்த செலவில் அளந்து சொல்லும். அங்கே குறுக்குப் பரப்பு சுமார் 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐயம் வலுக்கும். விரலை மடக்கச் சொல்லி நரம்பு நகர்வதைக்கூடப் பார்க்கலாம்.

பைக் விபத்தில் கழுத்தருகே நரம்பு வேரோடு பிடுங்கப்பட்டவருக்கோ எம்.ஆர்.ஐ.தான் தேவை. அங்கே சிக்கனம் பேசுவது கருமித்தனம்.

2022இல் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி, கைநரம்பு பார்க்கத் தேர்ந்த ஒருவரை வாரம் ஒரு மாலை அமர்த்தட்டும். பகலில் வரச் சொன்னால் ஒருநாள் கூலி போகும். என் தாயாரைப் போன்றோர் வரவே மாட்டார்கள்.