இலையில் திணிக்காதீர்கள்

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறோம், மன்னிக்கவும்.

போன வெள்ளிக்கிழமை அன்னதானம். கிட்னி மாற்று ஆபரேஷன் செய்த நம்ம தோட்டத்து அண்ணன் ஒருவர் எட்டு மாதம் கழித்து கோயிலுக்கு வந்தார். ஊறுகாய் வேண்டாம், அப்பளம் வேண்டாம் என்றார். "அதான் புது கிட்னி வச்சாச்சே, இன்னும் என்னா பத்தியம்?" என்று ஓர் அக்கா அள்ளி வைத்தார். அபிஷேகப் பாலுக்குத் தயங்கினால், "சாமி பிரசாதம் ஒன்னும் செய்யாதுய்யா" என்று இன்னொருவர். பரிமாறிய எங்களில் ஒருத்தரும் தடுக்கவில்லை. அவர் குடித்துவிட்டார். நாலு பேர் பார்க்கும்போது வேறு என்ன செய்வார்?

'அவருக்கு நாக்கு அடங்கல' என்று பின்னால் பேசுகிறோமே, அது அநியாயம். டயாலிசிஸில் இருந்தவரை தண்ணீர்கூட அளந்துதான் குடித்தார். வாழைப்பழம், இளநீர் தொட முடியாது. இப்போது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, வாய்க்கு ருசி திரும்பியிருக்கிறது. போதாததற்கு பிரெட்னிசோலோன் மாத்திரை பசியைக் கிளப்பும். அதுவும் தெக்ரோலிமஸும் சர்க்கரையை ஏற்றும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4. இதுல கேசரி ரெண்டு கரண்டி வேற!

பால் விஷயம் அதைவிட மோசம். புது கிட்னியை உடம்பு தாக்காமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கிறார்கள். நாம் கொடுத்தது காய்ச்சாத மாட்டுப்பால், காலையிலிருந்து வெயிலில் இருந்தது. 'காலங்காலமா குடிக்கிறோமே' என்றால், நமக்கே அது பாதுகாப்பில்லை, அவர் குடிக்கவே கூடாது. ஃபேக்டரியில் பாதுகாப்பு மூடி கழற்றிய மெஷின் பக்கத்தில் ஆளை நிறுத்துவோமா? பழத்தட்டில் இருந்த பம்பளிமாஸும் அப்படித்தான். அது தெக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், கிட்னிக்கே ஆபத்து. நல்லவேளை, அதை அவரே ஒதுக்கிவிட்டார்.

இதைச் சொன்னால் சாமி குத்தம் என்கிறார்கள். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்து ஆளிடம் கொடுத்தால் எந்த அம்மன் கோபிப்பாள்?

கிட்னி கொடுத்த தங்கச்சி அவர் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருந்தார். பால் டம்ளரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அந்தப் பார்வை இன்னும் உறுத்துகிறது.

வரும் வெள்ளியிலிருந்து பந்தியில் யாராவது 'வேண்டாம்' என்றால் கரண்டி அடுத்த இலைக்குப் போகும். பாலைக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகக் கூட்டத்தில் கேட்கப்போகிறோம். எதிர்ப்பவர்கள் அங்கே வந்து பேசுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம்.