கரிசல் காட்டுக்கு வரும் கஜகஸ்தான் விருந்தாளி

புரட்டாசி, ஐப்பசியில் கோவில்பட்டி பக்கம் போனால் தலைக்கு மேலே தேடாதீர்கள். காட்டை ஒட்டித் தாழ்வாகப் பாருங்கள். இறக்கைகளை லேசாக ‘வி’ வடிவில் தூக்கிப் பிடித்தபடி ஒரு பருந்து மிதந்து போகலாம். அதுதான் பூனைப்பருந்து.

கஜகஸ்தான், ரஷ்யப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் கிளம்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இங்கே வருகிறது. எடை அரைக் கிலோகூடத் தேறாது. பங்குனி வாக்கில் ஊர் திரும்பிவிடும்.

வலசை போகும் வேட்டைப் பறவைகளை எண்ண வசதியான இடம் மலைதான். சரிவில் மேலெழும் காற்றைப் பிடித்தால் அதிகம் சிறகடிக்காமல் போகலாம் என்பதால், மலையை ஒட்டியே கூட்டமாக வரும். அமெரிக்காவின் ஹாக் மவுன்டனில் 1934 முதல் எண்ணுகிறார்கள். கருங்கடலுக்கும் காகசஸ் மலைக்கும் நடுவே, ஜார்ஜியாவின் பதூமியில், ஒரே பருவத்தில் 10 லட்சத்துக்கும் மேல் கடந்து போகின்றன.

நம் கரிசல் சமவெளி. பகலெல்லாம் இவை ஆளுக்கொரு திசையில் இரை தேடும். அப்புறம் எப்படி எண்ணுவது?

பொழுது சாயும்வரை காத்திருக்க வேண்டும். மற்ற பருந்துகள் மரத்தில் அடையும். பூனைப்பருந்துகளோ தரையில், புல் மறைவில் அடைகின்றன. அதுவும் பல திசைகளிலிருந்து ஒரே புல்வெளிக்கு வந்து சேரும். தள்ளி நின்று, இறங்குவதை ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். சாம்பல் நிறம் என்றால் ஆண். பழுப்பு உடம்பும் வாலடியில் வெள்ளைப் பட்டையும் என்றால் பெண் அல்லது இளசு. பெங்களூரின் ‘ஏட்ரீ’ ஆய்வு நிறுவனத்தினர் பல ஆண்டுகளாக இப்படித்தான் எண்ணி வருகிறார்கள்.

சிக்கல் அந்தப் புல்வெளியில்தான். அரசுப் பதிவேடுகளில் இப்படிப்பட்ட நிலம் பெரும்பாலும் ‘தரிசு’. தரிசு என்று எழுதிவிட்டால் உழலாம், மரம் நடலாம், சோலார் பலகை பரப்பலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஆந்திராவின் ரோலபாடு புல்வெளியில் ஒரு காலத்தில் பெருங்கூட்டமாக அடைந்த பூனைப்பருந்துகள், பிற்பாடு வெகுவாகக் குறைந்துவிட்டன. அங்கே எண்ணி வைத்திருந்ததால்தான் குறைந்தது தெரிந்தது. எண்ணாத இடத்தில் என்ன போனது என்றே தெரியாது.

சம்சாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. மானாவாரியில் உளுந்தும் பாசியும் கம்பும் தலையெடுக்கும் நேரத்தில் வரும் இந்தப் பறவைக்கு வெட்டுக்கிளியும் எலியும்தான் பிடித்த சாப்பாடு.

உங்கள் ஊர்ப் பக்கம் இவை அடையும் புல்வெளி இருந்தால், இருட்டிய பிறகு உள்ளே போகாதீர்கள். பங்குனி கழியும்வரை புல்லுக்குத் தீ வைக்காதீர்கள். ஒரு சாயங்காலம் தள்ளி நின்று எண்ணி, தேதியோடு ‘இ-பேர்ட்’ செயலியில் பதிவு செய்யுங்கள். நாலே நாலு வந்தாலும் சரி, எழுதுங்கள். அந்த நிலம் வெறும் தரிசு இல்லை என்பதற்கு நாளைக்கு அதுவே சாட்சி.